சாகோஸ் தீவு மக்களின் வழக்கை ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ஏன் எடுக்கவில்லை?

மதுரை சட்ட மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகள் விவகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மொரீசியஸ் பிரிட்டிஷ் காலனியாக இருக்கும்போதே, 1965 நவம்பரில், சாகோஸை மட்டும் வெட்டி எடுத்துத் தனி ஆட்சிப்பகுதி ஆக்கினார்கள். அதில் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக 1973க்குள் அங்கிருந்த மக்கள் எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். இதுவரை குழப்பம் இல்லை.

2019 பிப்ரவரியில் ஹேக் சர்வதேச நீதிமன்றம், மொரீசியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முடியவில்லை, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று கருத்துரை தந்தது. 13க்கு 1. ஆனால் 2012இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதே மக்களின் மனுவை ஏற்கவே மறுத்திருக்கிறது. நீதிபதிகள் நழுவிவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா?

தஞ்சை வக்கீல்:
அம்மா, இரண்டு நீதிமன்றங்களிடமும் கேட்ட கேள்வியே வேறு. ஹேக்கில் கேட்டது ஐ.நா. பொதுச்சபை. 2017இல் தீர்மானம் போட்டு, காலனி நீக்கம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கேட்டவர்கள் தனி மனிதர்கள். தங்கள் வீட்டையும் வாழ்க்கையையும் பறித்தது மனித உரிமை மீறல் என்றார்கள். தீவு யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிப்பது அந்த நீதிமன்றத்தின் வேலையே இல்லை. அதில் உரிமை கோரும் மொரீசியஸ் அந்த நீதிமன்றத்தின் அடிப்படையான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சேர்ந்த நாடும் அல்ல. அங்கே வந்து நிற்கவே முடியாது. பிராதில் என்ன பரிகாரம் கேட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

குரோலிவாசி:
தங்கச்சி, நான் இருப்பது குரோலியில், கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். பிரிட்டனில் சாகோஸ் மக்கள் அதிகம் வாழ்வது இங்கேதான். ஒரு சொலிசிற்றர் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. 2022 நவம்பரில் அவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை பெறப் புதிய வழி திறந்ததில் இருந்து பழைய பதிவுகளைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தபடி இருக்கிறார்கள். பாட்டி பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரோஸ் பான்யோஸ் என்று இருக்கும், சலமோன் என்று இருக்கும். இரண்டும் சாகோஸின் தீவுக் கூட்டங்கள். மக்களைக் கிளப்பியதோடு அங்கிருந்த ஊர்கள் பாழாய்ப் போயின. அந்தக் காகிதங்கள் கைக்குள் புழங்கியதால்தான் 2012 முடிவை உட்கார்ந்து முழுதாக வாசித்தேன்.

வக்கீல் ஐயா சொன்னது சரி. ஆனால் ‘இது இறையாண்மைப் பிரச்சினை, எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லி ஸ்ட்ராஸ்பர்க் மனுவைத் தள்ளவில்லை. வேறு இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது 1982 சமரசம். டியேகோ கார்சியாவில் பிறந்த மிஷேல் வெங்கட்டாசன் என்பவர் 1975இல் லண்டனில் வழக்குப் போட்டார். (பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் வழியோடு இந்தியாவில் இருந்து போன தொழிலாளர் வழியும் அந்த மக்களிடம் உண்டு.) அந்த வழக்கு பேசித் தீர்க்கப்பட்டு, பிரிட்டன் 40 லட்சம் பவுண் கொடுத்தது. காசு வாங்கியவர்களிடம் இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று படிவத்தில் எழுதி வாங்கினார்கள். படிவம் சட்ட ஆங்கிலத்தில். வாங்கியவர்களுக்குத் தெரிந்தது கிரியோல் மொழி. பலருக்கு எழுத்தே தெரியாது, பெருவிரலை வைத்தார்கள். அவர்களை நடத்திய விதம் இரக்கமற்றது, வெட்கக்கேடானது என்று ஸ்ட்ராஸ்பர்க் தன் முடிவிலேயே சொல்கிறது. சொல்லிவிட்டு, அந்தக் கோரிக்கை உள்நாட்டு நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளப்பட்டது, இனிமேல் நீங்கள் ‘பாதிக்கப்பட்டவர்’ அல்ல என்று முடிக்கிறது. ஒரு நாளாவது படிவம் நிரப்பிக் கொடுத்தவனுக்கு இதை வாசிக்க வயிறு எரியும்.

இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது: அந்த உடன்படிக்கையின் பிரிவு 56. ஒரு நாடு தன் கடல் கடந்த ஆட்சிப்பகுதிக்கு உடன்படிக்கை செல்லும் என்று அறிவித்தால்தான் அங்கே செல்லும். 1953இல் பிரிட்டன் மொரீசியஸுக்கு அறிவித்தது. 1968இல் மொரீசியஸ் சுதந்திரம் அடைந்ததோடு அது போயிற்று. 1965இல் புதிதாக உருவாக்கிய ஆட்சிப்பகுதிக்கு எந்த அறிவிப்பும் தரவே இல்லை. இது காலனிக் காலத்து எச்சம், தூக்கி எறியுங்கள் என்று தீவு மக்கள் வாதாடினார்கள். எச்சமாகவே இருந்தாலும் பிரிவு அமலில் இருக்கிறது, அநீதியைச் சரிசெய்யும் ஆசையில் நாங்களாக அதை அழிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

என் வருத்தம் இதில்தான். தீவை வெட்டி எடுத்த கையே, அந்தத் தீவுக்கு எந்த நீதிமன்றம் வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. நீதிபதிகள் பயந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உடன்படிக்கையை எழுதியபோதே காலனி நாடுகள் தங்களுக்கு ஒரு வாசலை விட்டுவைத்துக்கொண்டன.

மதுரை சட்ட மாணவி:
அண்ணா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். வடக்கு சைப்ரசில் துருக்கி பிடித்து வைத்திருந்த நிலம் பற்றி லொய்சிடு வழக்கில் இதே நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னதே? அது மட்டும் இறையாண்மைச் சண்டை இல்லையா?

தஞ்சை வக்கீல்:
சண்டைதான். ஆனால் அந்தச் சண்டையை அவர்கள் தீர்க்கவில்லை. வடக்கு சைப்ரஸ் தனி நாடு அல்ல என்று ஐ.நா. பாதுகாப்பு சபை 1983லேயே சொல்லிவிட்டது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, துருக்கிப் படையின் பிடியில் இருக்கும் இடம், ஆகவே பொறுப்பு துருக்கிக்கு என்றார்கள். சைப்ரஸ் ஏற்கனவே உடன்படிக்கை நாடு. மக்களுக்கு இருந்த உரிமை நடுவில் பறிபோகக் கூடாது என்பதும் காரணம். பிரிவு 56 குறுக்கே வரவில்லை.

குரோலிவாசி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இறையாண்மையைத் தொடத் தயங்குவது ஸ்ட்ராஸ்பர்க் போன்ற வட்டார நீதிமன்றம் மட்டும் இல்லை. பிரிட்டன் 2010இல் சாகோஸைச் சுற்றிக் கடல் பாதுகாப்புப் பகுதி அறிவித்தபோது, மொரீசியஸ் கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015இல் அந்த மன்றமும் கரையோர நாடு (தீவைச் சுற்றிய கடலில் உரிமை உள்ள நாடு) யார் என்ற கேள்விக்குள் போக 3க்கு 2 என்று மறுத்தது. பாதுகாப்புப் பகுதி விஷயத்தில் மட்டும் மொரீசியஸ் பக்கம் நின்றது. அதற்குப் பிறகுதான் பொதுச்சபை வழியாக ஹேக். பிரிட்டனின் சம்மதம் தேவைப்படாத ஒரே வழி கருத்துரைதான். 2021இல் மாலத்தீவுடன் கடல் எல்லை வழக்கு வந்தபோது, கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு அந்தக் கருத்துரையைப் பிடித்துக்கொண்டு மொரீசியஸைக் கரையோர நாடாக ஏற்றது. போட்டியில் தீவு மக்கள் தரப்பு உங்களுக்கு வந்தால் இந்த வரிசையைத் தேதியோடு வையுங்கள், கட்டாயம் எதிர்த்தரப்பு ஸ்ட்ராஸ்பர்க்கின் 2012 முடிவைத் தூக்கும்.

அப்புறம், 2021 அக்டோபரில் படகில் போன நம் ஈழத்து ஆட்கள் டியேகோ கார்சியாவில் அகப்பட்டுக் கிடந்தார்கள் அல்லவா? அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது அந்த ஆட்சிப்பகுதியின் சொந்த உச்ச நீதிமன்றம். பரிகாரம் பற்றிய பகுதிக்கு அதையும் தேடி வாசியுங்கள், தங்கச்சி.