2011 மாடல் டாடா 1109 லாரி வாங்கலாமா? 407 ஓட்டும் லைசென்ஸ் போதுமா?

ஒட்டன்சத்திரம்_407:
வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். சொந்த வண்டி டாடா 407 சின்ன லாரி, லைசென்ஸ் எல்.எம்.வி. (இலகு ரக வாகனம்) மட்டும்தான். பக்கத்து ஊரில் 2011 மாடல் டாடா 1109 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை 11 டன்னுக்குக் கொஞ்சம் மேல். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது, எல்.எம்.வி.யே போதும் என்கிறார் புரோக்கர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

திண்டுக்கல்_ஓட்டுநர்:
தம்பி, அந்தத் தீர்ப்பை நம்பி 1109-ல் ஏறாதீர்கள். 2024 நவம்பர் 6 அன்று வந்த அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு 7,500 கிலோ வரை உள்ள வண்டிக்குத்தான். உங்கள் 407 அதற்குள் வரும். 7,500-க்கு மேல் 12,000 வரை நடுத்தர சரக்கு வண்டி, அதற்கு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் கட்டாயம். வண்டி காலியாகப் போனாலும் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத்தான்.

எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடம் முடிந்து, 20 வயது ஆகியிருந்தால் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடலாம். டாக்டரிடம் உடல்தகுதிக்குப் படிவம் 1ஏ, டிரைவிங் ஸ்கூலில் பயிற்சிக்குப் படிவம் 5 வாங்க வேண்டும். 30 நாள் கழித்து டெஸ்ட். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதுவரை முறையான லைசென்ஸ் உள்ள டிரைவரைப் போடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரும். தோட்டம், வீடு எல்லாம் போய்விடும்.

நாமக்கல்_பட்டறை:
புகைக்கு வருகிறேன். சூடானதும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் நாசில் (டீசலைத் தெளிக்கும் பாகம்), இல்லையென்றால் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் அழுத்தம்) குறைவு. நாசில் என்றால் சின்ன வேலை. கம்ப்ரஷன் என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும். எது என்று தெரிய, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குப்குப் என்று புகை தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது. போனதும் முதலில் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து புகையைப் போக்கிவிட்டார்கள்.

எஞ்சினாவது செலவு செய்தால் சரியாகும். சேஸிஸ் அப்படியில்லை. ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில் உள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல், வெல்டிங் ஒட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் புது பெயிண்ட், இதில் எது இருந்தாலும் எனக்கு அந்த வண்டி வேண்டாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டம் தெரிந்துவிடும்.

பெர்மிட்_உதவி:
யாரும் பெர்மிட்டைப் பற்றிக் கேட்கவில்லையே! கேரளா லைன் என்கிறீர்கள். 1109 மாதிரி இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம் முடிந்தால் நேஷனல் பெர்மிட் (மாநிலம் தாண்டி ஓட்டும் அனுமதி) கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதி 88 அப்படித்தான் சொல்கிறது. 2011 மாடல் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. தற்காலிக பெர்மிட் எடுத்து ஓட்டலாம்தான், ஆனால் தினமும் மலை தாண்டும் தொழிலுக்கு அது கட்டாது. அதோடு எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. 15 வருடத்துக்கு மேல் போன வண்டிக்குக் கட்டணத்தையும் 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள்.

ஒட்டன்சத்திரம்_407:
அண்ணா, நேஷனல் பெர்மிட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. புரோக்கரிடம் போன் போட்டுக் கேட்டேன், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறார். உள்ளூர் லோடு எனக்கு அவ்வளவாக இல்லை. அப்படியானால் 12 வருடத்துக்கு உட்பட்ட வண்டியாகத் தேடுகிறேன். பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

பெர்மிட்_உதவி:
நல்ல முடிவு. வாங்கிய வண்டி 12 வருடத்தைத் தொட இன்னும் எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்பதை வைத்து விலை பேசுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். இ-சலான் (அபராதம்) பாக்கியையும் தனியாகப் பாருங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கு அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் ஆர்.சி. உரிமையாளரே நேரில் கையெழுத்துப் போடட்டும், புரோக்கர் கொண்டுவரும் தாள் வேண்டாம்.

நாமக்கல்_பட்டறை:
எஞ்சின் நம்பரையும் துடைத்துப் பாருங்கள் தம்பி. பழைய லாரியில் எஞ்சின் மாற்றுவது சகஜம், அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் எஃப்.சி.யில் வண்டி நின்றுவிடும். அட்வான்ஸ் கொடுக்கும்போது, நம்பர் ஒத்துப்போகாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.