மறு: கட்-ஆஃப் லோவுக்குத் தமிழ்ல என்ன சொல்றது

எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து வந்த மடல் எல்லாத்தையும் இப்பதான் படிச்சு முடிச்சேன். தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல எங்க கோயில் வாட்ஸ்அப் குரூப்புக்கு வாராவாரம் வானிலை சுருக்கத்தைத் தமிழ்ல எழுதிப் போடுறது நான்தான், மே கடைசி வந்தாச்சு, குளிரும் மழையும் மாறி மாறி வர்ற நேரம், அதனால ‘கட்-ஆஃப் லோ’வுக்கு, அதாவது மேல்காத்து ஓட்டத்துலேர்ந்து பிரிஞ்சு தனியா நிக்கிற தாழ்வழுத்தத்துக்கு, ஒரு தமிழ் வார்த்தை எனக்கு இந்த வாரமே வேணும்.

> “வளிமண்டல மேலடுக்கு சுழற்சின்னு சென்னையில சொல்றதே போதுமே, புதுசா எதுக்கு?”

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஐயா, தமிழ்நாட்டுச் செய்தி கேக்குறவங்களுக்கு அது அடிக்கடி காதுல விழுற வார்த்தை, குமரிக்கடல்ல ஒண்ணு இலங்கைக்குத் தெக்க ஒண்ணுன்னு வரும், பாதி நேரம் ‘ஓரிரு இடங்களில் லேசான மழை’யோட முடிஞ்சிடும். நாம பேர் தேடுறது அந்த ரகம் இல்ல. மேல, சுமார் 5.5 கிலோமீட்டர் உயரத்துல, அதாவது காத்தழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலா இருக்குற மட்டத்துல, மேற்கேருந்து கிழக்க ஓடுற காத்து வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, அதுல ஒரு வளைவு வடக்க நம்ம பக்கம் ரொம்ப நீண்டு கழுத்து இறுகிப்போய் அந்த ஓட்டத்துலேர்ந்து பிரிஞ்சு தனி வட்டமா சுத்த ஆரம்பிச்சிடும். ஆத்து வளைவு ஒண்ணு வெட்டுப்பட்டு தனிக் குட்டையா நின்னுடற மாதிரி. உள்ள தெக்கத்திக் குளிர்காத்து மாட்டிக்கிட்டிருக்கும், தள்ளிட்டுப் போக மேற்கத்தி ஓட்டம் கிடையாது, அதனால ரெண்டு மூணு நாள் அங்கயே நிக்கும், சில நேரம் வந்த வழியே மேற்க கூட நகரும். இதே நேரம் கீழ, நாட்டுக்குத் தெக்க கடல்ல ஒரு உயரழுத்தம் நீண்டு படுத்துக்கிட்டா அவ்வளவுதான், நம்ம கிழக்குக் கரையோரம் ஓடுற அகுல்யாஸ் நீரோட்டத்து மேல இருக்குற வெதுவெதுப்பான ஈரம் முழுக்க தென்கிழக்குக் காத்துல நம்ம கரைக்கு வந்து சேரும், டிராக்கன்ஸ்பர்க் மலைச்சரிவுல ஏறும், கீழ மழையா மலை உச்சியில பனியா கொட்டும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதியை டர்பன்ல யாரும் மறக்கல. சில இடங்கள்ல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டருக்கு மேல மழை, 400க்கும் மேல உயிர் போச்சு, டோங்காட்ல குடிதண்ணி நிலையமே அடிச்சுக்கிட்டுப் போய் ஜனங்க மாசக்கணக்கா டேங்கர் முன்னாடி பக்கெட்டோட நின்னாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தது இந்த வகைதான். 1981 ஜனவரி லெய்ங்ஸ்பர்க் வெள்ளமும் இதே, கரூ மாதிரி வறண்ட பூமியில 104 பேர் உயிர் போச்சு. 1987 செப்டம்பர் கடைசில நேட்டால் வெள்ளமும் இதே. 2024 செப்டம்பர்ல வான் ரீனென் கணவாயில பனி மூடி என்3 ரோடே நின்னு போச்சே, அதுவும்.

மொரிஷியஸ் தங்கச்சி சூறாவளிக்கு மாதிரி இதுக்கும் பேர் வெப்பாங்களான்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் வெக்கிறதில்லம்மா. அதுதான் என் கவலையே. 1984ல வந்த டொமொய்னா சூறாவளியை எங்க பெரியவங்க இன்னிக்கும் பேர் சொல்லிப் பேசுவாங்க, நூத்துக்கணக்குல உயிர் போன 1987ஐ ‘அந்த வருஷ வெள்ளம்’னுதான் சொல்றோம். தனிப்பேர் இல்லாத ஆபத்துக்கு வகைப்பேராவது வாயில நிக்கணும், நிலை 6, நிலை 8னு ஆரஞ்சு எச்சரிக்கை வரும்போது பாட்டிக்கு உடனே விளங்கணும்.

இப்ப வந்திருக்குற பேருங்களுக்கு வர்றேன்.

‘துண்டிக்கப்பட்ட தாழ்வழுத்தம்’ பொருளுக்குச் சரி, ஆனா நீளம். அதோட இந்த ஊர்ல துண்டிப்புன்னாலே கரண்ட்டும் தண்ணியும்தான் ஞாபகம் வரும், மெசேஜை அவசரமா பாக்குறவங்க கரண்ட் கட்டுன்னு நெனச்சு ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்க ஓடுவாங்க.

‘குளிர்த்தாழ்வு’ அழகா இருக்கு. ஆனா உள்ள குளிர்காத்து இருக்குற தாழ்வு எல்லாம் ஓட்டத்துலேர்ந்து பிரிஞ்சதுன்னு ஆகாது, அந்தப் பேரை அந்தப் பெரிய வகைக்கே விட்டுவெக்கணும்.

‘அறுதாழ்வு’. கோவை நண்பர் இதுக்கு ரொம்ப வாதாடியிருக்கார், அறுந்த தாழ்வு, சுருக்கம், ஓசையும் நல்லாருக்குன்னு. நண்பரே, காவடி எடுக்குற ஊர் இது, ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புல அறுபடை வீடு, அறுசுவைன்னு படிச்ச பிள்ளைங்க ‘ஆறு தாழ்வா?’ன்னுதான் கேக்கும். அதைக்கூட விளக்கிடலாம். ஆனா வயசான அம்மாங்க காதுல அது விதவையைத் திட்டுற ‘அறுதலி’ மாதிரி விழும், அந்த வார்த்தையால வசவு வாங்கினவங்க இன்னும் நம்ம நடுவுல இருக்காங்க. அவங்களுக்கு அனுப்புற எச்சரிக்கையில அந்த ஓசை வர்றது எனக்குச் சம்மதமில்ல.

நான் முன்வெக்கிறது ‘பிரிதாழ்வு’. முழுசா சொல்லணும்னா ‘மேலடுக்குப் பிரிதாழ்வு’. வினைத்தொகைங்கிறது இங்க உண்மையாவே வேலை செய்யுது. திங்கக்கிழமை நான் எழுதும்போது அது இன்னும் பிரிஞ்சிருக்காது, புதன்கிழமை பிரியும், வெள்ளிக்கிழமை திரும்ப மேற்கத்தி ஓட்டத்தோட சேந்துக்கவும் செய்யலாம். ‘துண்டிக்கப்பட்ட’ன்னு இறந்தகாலத்துல கட்டிட்டா ‘துண்டிக்கப்பட்ட தாழ்வு உருவாகலாம்’னு எழுதவேண்டி வரும், வாய்க்கு ஒட்டாது. பிரிதாழ்வு மூணு காலத்துக்கும் நிக்கும். ஒரே குறை, றகரம் போட்டு ‘பிறிதாழ்வு’ன்னு எழுதுறவங்க இருப்பாங்க, திருத்திக்கலாம்.

வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், மாதிரிக்குத்தான், இது இந்த வார முன்னறிவிப்பு இல்ல:

“திங்கள் கேப் பக்கம் குளிர் முகப்பு வருது, அதுக்கு முன்னாடி டர்பன்ல மலைக்காத்து வீசும், நல்லா சுடும், ஏமாந்து ஸ்வெட்டரை உள்ள வெச்சிடாதீங்க. செவ்வாய் தென்மேற்குக் காத்து திரும்பினதும் மளமளன்னு குளிரும். புதன் மேற்குப் பக்கம் பிரிதாழ்வு உண்டாகலாம், அது எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்து வியாழன் வெள்ளி கரையோரம் கனமழை, டிராக்கன்ஸ்பர்க்ல பனி. உம்கேனி ஆத்து ஓரத்துல இருக்குறவங்க ராத்திரி போனை ஆஃப் பண்ணாதீங்க.”

பேச்சுல தடுக்காம போகுதுன்னுதான் எனக்குத் தோணுது. ‘பிரிதாழ்வு நகரல’, ‘பிரிதாழ்வு மழை’ன்னு அடுத்த அடுத்த சொல்லும் சுலபமா வருது.

வரையறை எழுதுறவங்களுக்கு ஒண்ணு, சுழலும் திசையைத் தயவுசெஞ்சு உள்ள வெக்காதீங்க. தமிழ்நாட்டுப் பக்கம் தாழ்வு இடஞ்சுழியா சுத்தும், நம்ம தென்கோளத்துல வலஞ்சுழி. விக்கியில இருக்குற வரையறையை அப்படியே எடுத்துப் போட்டா இங்க பாடம் நடத்துற வாத்தியாருக்குத் தலைகீழா ஆயிடும். கூடவே, தரைமட்ட வரைபடத்துல இது ஒண்ணுமே காட்டாம இருக்கலாம்னு ஒரு வரி கட்டாயம் சேருங்க, மேலடுக்குங்கிற அடைமொழியை நான் விடாம பிடிச்சிருக்குறதே அதுக்காகத்தான்.

வியாழக்கிழமைக்குள்ள மறுப்பு இருந்தா எழுதுங்க, வேற சொல் இருந்தா மேல இருக்குற மாதிரி வாக்கியத்துல வெச்சு அனுப்புங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை சுருக்கத்துல பிரிதாழ்வுன்னே போடுறேன், முதல் ரெண்டு மூணு தடவை பக்கத்துல ‘கட்-ஆஃப் லோ’ன்னும் சேத்து. தெக்க நீண்டு படுக்குற அந்த உயரழுத்தத்துக்கும் ஒரு பேர் பாக்கி இருக்கு, அதுக்குத் தனி இழை தொடங்குறேன்.