தில்லி குளிரில் சுகர் மீட்டர் ஒன்று சொல்கிறது, லேப் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

மயூர்விஹார்வாசி:
அப்பாவுக்கு வயது 68. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலை டிபனுக்கு முன். லேப் ஆள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த அதே நேரத்தில் மீட்டரிலும் பார்த்தோம். வெறும் வயிற்றில் மீட்டர் 134, லேப் 121. மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து மீட்டர் 231, லேப் 192.

ஒரே நிமிடத்தில் இரண்டு விரலில் பார்த்தால் 148, 163 என்று வருகிறது. காலை 6 மணிக்கு சில நாள் தெர்மாமீட்டர் படம் காட்டிவிட்டு மீட்டர் வேலை செய்ய மறுக்கிறது. சில நாள் ரத்தம் போதவில்லை என்று எரர், ஸ்ட்ரிப் வீண். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் குத்துகிறோம். மீட்டரை மாற்றிவிடலாமா? வாரத்தில் எப்போது எப்போது பார்த்தால் டாக்டருக்கு உபயோகப்படும்?

சாம்பல்மூடி:
மாற்ற வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களில் மீட்டர் மேல் சந்தேகப்பட எதுவும் இல்லை.

வீட்டு மீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரம் (2013) இவ்வளவுதான் கேட்கிறது: லேப் அளவு 100-க்குக் கீழே இருந்தால் 15 மி.கி. முன்பின், 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் முன்பின். அதுவும் நூற்றுக்கு 95 தடவை இருந்தால் போதும். லேபில் 121 என்றால் மீட்டர் 103 முதல் 139 வரை எதைக் காட்டினாலும் பாஸ். 148, 163 என்பதும் அதே கணக்குதான். திரும்பத் திரும்பக் குத்தி சராசரி போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

சாப்பிட்ட பின் வந்த வித்தியாசம் வேறு விஷயம். லேபுக்குப் போவது கையின் சிரை (இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய்) ரத்தம், விரல் நுனியில் வருவது தந்துகி (மயிரிழை போன்ற ரத்தக் குழாய்) ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டிலும் சர்க்கரை ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு திசுக்கள் சர்க்கரையை எடுத்துக்கொண்டு மிச்சம்தான் சிரைக்குத் திரும்புகிறது. அதனால் விரலில் 20, 30 மி.கி., சில சமயம் அதற்கு மேலும் கூடுதலாகவே இருக்கும். மீட்டரை லேபோடு ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் மட்டும் ஒப்பிடுங்கள்.

லேப் எண்ணும் வேதவாக்கு இல்லை. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய். ஃபுளோரைடும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். மயூர் விஹாரில் எடுத்த ரத்தம் பையிலேயே ஊர் சுற்றிவிட்டு லேபுக்குப் போய்ச் சேர்ந்தால் அளவு சற்றுக் குறைந்துதான் வரும். வீட்டில் எடுப்பவர் எந்த மூடிக் குழாயில் எடுக்கிறார் என்று பாருங்கள்.

அப்பாவின் ஹீமோகுளோபினையும் பார்த்துவையுங்கள். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி-யையும் (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) உண்மையை விட உயர்த்திக் காட்டக்கூடும்.

ஆர்கேபுரம் அக்கா:
தம்பி, முதலில் அந்த ஸ்பிரிட் பஞ்சை ஓரங்கட்டுங்கள். ஒட்டியிருக்கும் சர்க்கரையை அது சரியாக எடுக்காது, காயாமல் குத்தினால் துளியும் பரவிவிடும். அரை மைக்ரோலிட்டர் துளியில் சுகர் 100 என்றால் அதில் இருக்கும் மொத்தச் சர்க்கரையே அரை மைக்ரோகிராம்தான். இப்போது சீசனில் இருக்கும் கின்னோ ஆரஞ்சை உரித்த கையிலோ, பொங்கலுக்கு வெல்லம் உடைத்த கையிலோ அதைவிடப் பல மடங்கு ஒட்டியிருக்கும். நல்ல உடம்புக்காரருக்கே 200-க்கு மேல் காட்டிவிடும்.

சோப்புப் போட்டு கீசர் வெந்நீரில் அரை நிமிடம் கை கழுவச் சொல்லுங்கள். அழுக்கும் போகும், விரலுக்கு ரத்தமும் வரும். ஈரம் துளிகூட இல்லாமல் துடைக்க வேண்டும். தண்ணீர் கலந்தால் அளவு குறையும். குளிருக்குப் பூசும் வாசலைன், கிரீம் எல்லாம் டெஸ்டுக்கு அப்புறம். பிறகு கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி இரண்டு மூன்று தடவை நீவிவிடுங்கள்.

குத்துவது நுனியின் நடுவில் இல்லை, பக்கவாட்டில். நடுவிரலும் மோதிர விரலும் நல்லது. குத்தும் பேனாவை விரலோடு அழுத்தி வைத்துத்தான் பட்டனைத் தட்ட வேண்டும், தொட்டும் தொடாமலும் வைத்தால் ஆழம் போகாது. ஆழத்தை 2-ல் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். லான்செட்டில் (பேனாவுக்குள் போடும் ஊசி) எண் கூடக்கூட ஊசி மெல்லிசு. 33 வலிக்காது, ஆனால் காய்த்துப்போன விரலில் குளிர்காலத்தில் ரத்தம் வராது. 28 அல்லது 30 வாங்கிப் பாருங்கள். ரத்தம் வரவில்லை என்று நுனியைப் பிடித்துப் பிதுக்கினால் திசு நீர் கலந்து அளவு மாறும்.

துளி உருண்டு நின்ற பிறகு ஸ்ட்ரிப்பின் விளிம்பை அதில் தொட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே தடவக் கூடாது. பாதி உறிஞ்சி நின்றதும் இன்னொரு துளி சேர்ப்பதால்தான் பெரும்பாலும் அந்த எரர். கை கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

தெர்மாமீட்டர் படம் கோளாறு இல்லை. பல மீட்டர்கள் ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழேயும் 40-க்கு மேலேயும் அளக்காது. ஜன்னல் ஓர அலமாரியில் வைத்திருந்தால் ஜனவரி காலையில் இப்படித்தான் ஆகும். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் படுக்கை அறையிலேயே வையுங்கள். ஹீட்டர் முன்னால் காட்டிச் சூடேற்றாதீர்கள்.

கரோல்பாக் 5:
ஸ்ட்ரிப் பற்றி மட்டும். சாந்தினி சௌக் பாகீரத் பேலஸில் மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்குபவர்கள் காலாவதித் தேதியையும் சீலையும் பார்த்து வாங்குங்கள். டப்பாவைத் திறந்த அன்றே தேதியை அதன் மேல் எழுதுங்கள். பல கம்பெனிகளில் திறந்த பிறகு 3 மாதம்தான், சிலவற்றில் 6. மூடியில் ஈரம் உறிஞ்சும் மருந்து இருப்பதால் ஒரு ஸ்ட்ரிப் எடுத்ததும் டக்கென்று மூட வேண்டும். நாலைந்தை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொள்வது கூடாது. ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். மே மாதம் காருக்குள் விட்ட டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். சந்தேகம் வந்தால் அதே கம்பெனியின் கன்ட்ரோல் சொல்யூஷன் (சர்க்கரை அளவு தெரிந்த சோதனைத் திரவம்) ஒரு சொட்டு விட்டு, டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மயூர்விஹார்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு மதியம் சாப்பாடு தள்ளிப்போனபோது 66 காட்டியது. அப்பா "குளிர் நடுக்கம்தான்" என்றார். இதுவும் மீட்டர் வித்தியாசமாக இருக்குமா?

ஆர்கேபுரம் அக்கா:
அதை அப்படி ஒதுக்காதீர்கள். 70-க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், 54-க்குக் கீழே ஆபத்து. மெட்ஃபார்மின் தனியாக இந்த வேலையைச் செய்வது அபூர்வம், கிளிமிபிரைடு செய்யும். சாப்பாடு தள்ளிப்போவதும், வழக்கத்தை விட நீண்ட நடையும்தான் பொதுவான காரணம். இந்த ஊர் குளிரில் நடுக்கம் வந்தால் ஸ்வெட்டரைத் தேடும் முன் மீட்டரைத் தேடுங்கள்.

15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட், பால் ஸ்வீட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து கையைக் கழுவிவிட்டுத் திரும்பப் பாருங்கள். கழுவாவிட்டால் அந்தச் சர்க்கரையே ஸ்ட்ரிப்பில் ஏறி, சரியாகிவிட்டது என்று ஏமாற்றும். இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த 66-ஐ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்காமல் டாக்டருக்கு இப்போதே சொல்லுங்கள்.

எப்போது பார்ப்பது என்று கேட்டீர்களே. தினமும் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதை விட ஜோடியாகப் பாருங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரத்தில் ஒன்று. திங்கள் காலை டிபன், புதன் மதியம், சனி இரவு என்றால் வாரம் 6 ஸ்ட்ரிப். உடம்பு சரியில்லாத நாளுக்கும் நடுக்கத்துக்கும் தனியாக இரண்டு. பொதுவான இலக்கு சாப்பிடும் முன் 80–130, பிறகு 180-க்குள். வயதையும் 66-ஐயும் பார்த்து அப்பாவுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தலாம். நோட்டில் எண்ணோடு என்ன சாப்பிட்டார், மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். 210 என்று மட்டும் எழுதினால் டாக்டர் மாத்திரையைத்தான் கூட்டுவார். நாலு தோசை என்று பக்கத்தில் எழுதியிருந்தால் தோசையைக் குறைக்கச் சொல்வார்.

சாம்பல்மூடி:
ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் இன்னொருவருக்கும் சுகர் இருந்தால் பேனாவைப் பங்குபோடாதீர்கள், ஊசி மாற்றினாலும் சரி. ஹெபடைட்டிஸ் பி அப்படிப் பரவும். குத்திய லான்செட்டை கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டித் தனியாகக் கொடுங்கள். காய்கறித் தோலோடு போட்டால் குப்பை பிரிப்பவர் கையில்தான் குத்தும்.