புதுப்பிப்பு: தொழிலாளர் சந்தைத் தரவுக் கிடங்கை மாற்றும்போது தொழில் குறியீடுகள்

பழைய கிடங்கின் அட்டவணைகளை முதலில் அப்படியே புதிய தளத்துக்கு ஏற்றிவிட்டு, சுத்தம் செய்வதைப் பிறகு பார்க்கலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். தொழில் குறியீடுகளுக்கு, அதாவது ஒவ்வொரு தொழிலையும் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீடுகளுக்கு, அது பொருந்தாது. அவற்றை ஏற்றும் முன்பே சரிசெய்ய வேண்டும்.

சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் 1988 பதிப்பில் 2221 என்றால் மருத்துவர். 2008 பதிப்பில் அதே 2221 செவிலியர். பதிப்பைத் தனி நெடுவரிசையில் வைக்காவிட்டால் இரண்டும் ஒரே தொடராக ஒட்டிக்கொள்ளும். தரவைக் கேட்டெடுக்கும் வினவல் பிழையே காட்டாது. ஆகவே குறியீடும் பதிப்பும் சேர்ந்ததுதான் முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு தொழிலையும் தனித்து அடையாளம் காட்டுவது.

குறியீட்டை எண்ணாகச் சேமிக்கவே கூடாது. ராணுவ அதிகாரிகளுக்கான 0110, 110 ஆகிவிடும். அட்டவணைகளைக் குறியீட்டை வைத்து இணைக்கும்போது அந்த வரிசைகள் சத்தமில்லாமல் உதிரும். உரை வகை, நீளம் 4.

1988-இல் 390 அடிப்படைப் பிரிவுகள், 2008-இல் 436. பழைய பிரிவு ஒன்று புதிய பதிப்பில் பலவாகப் பிரியும் இடங்களில், எதற்கு எவ்வளவு என்ற பங்கீட்டு விகிதத்தைத் தனி அட்டவணையில் வையுங்கள். அப்படி வந்த எண்ணுக்கு 'மதிப்பீடு' என்ற அடையாளக் குறியும் அவசியம்.

பகிர்வதற்கு முன் இன்னொன்று: தனிநபர்கள் அடையாளம் தெரியாமலிருக்க, அட்டவணையில் சிறிய எண்ணிக்கையுள்ள ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் போதாது. மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தாலே அது வெளிப்பட்டுவிடும். அதே வரிசையிலும் அதே நெடுவரிசையிலும் இன்னொரு கட்டத்தையாவது மறைக்க வேண்டும். இந்த வேலையை வெளியே பகிரும் நகலில் செய்யுங்கள், மூலத் தரவில் அல்ல.