பூச்சியைப் பார்த்தீங்களா? ஊர் பேரோட எழுதுங்க

காட்பாடி உறுப்பினர்:
நம்ம பூச்சி சங்கத்துல புதுசா சேர்ந்தவங்க எல்லாரும் "என்ன எழுதணும்?"னு கேக்குறாங்க. பார்த்ததை எழுதுங்க. எந்த ஊரு, எந்த மாசம்னு சேர்த்து எழுதுங்க. இதுல நான் கறாரா இருக்கிறதுக்குக் காரணம் உண்டு.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒண்ணுல விலங்கியல் துறை அலமாரியை ஒழுங்குபடுத்தக் கூப்பிட்டிருந்தாங்க. கண்ணாடி மூடி போட்ட பழைய மரப்பெட்டிகள். பாச்சை உருண்டை போட்டு எத்தனை வருஷமோ! காய்ஞ்ச பூச்சியைத் தின்னுற குட்டி வண்டு உள்ளே புகுந்து, பட்டாம்பூச்சி இருந்த இடத்துல ஊசியும் பழுப்புத் தூளும்தான் மிச்சம். தப்பிச்ச சில வண்டுகளோட லேபிள்ல "வட ஆற்காடு"ன்னு பழைய ஜில்லா பேரு மட்டும் இருக்கு. அதை வெச்சு என்ன பண்றது? 1911க்கு முன்னாடி சித்தூரும் வட ஆற்காடு. 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் வட ஆற்காடு. ஏலகிரி மேல பிடிச்ச வண்டா, செய்யாறு ஏரிக்கரையில பிடிச்ச வண்டா, யாருக்குத் தெரியும்? "ஜமுனாமரத்தூர், ஐப்பசி, இன்ன வருஷம்"னு ஒரு வரி இருந்திருந்தா அதோட மதிப்பே வேற.

படிப்பு இல்லையேன்னு தயங்காதீங்க. 1883ல பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை ஆரம்பிச்சது எட்டுப் பேர். அதுல ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ரெண்டு பேரும் வைத்தியம் பார்த்த டாக்டர்கள். இன்னொருத்தர் எய்ட்கன், அவர் சுங்கம், உப்பு இலாகாவுல வேலை பார்த்தவர். பூச்சி பார்க்க யாரும் அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கலை.

குடியாத்தம் பக்கம், விவசாயி:
பேரன் இழுத்துட்டு வந்ததால இந்தச் சங்கத்துல இருக்கேன். எனக்குத் தெரிஞ்ச பூச்சி எல்லாம் கொல்லையில பயிரை நாசம் பண்ணினதுங்கதான். முக்கியமா மானாவாரி மல்லாட்டையில, அதான் வேர்க்கடலையில வர்ற சிவப்புக் கம்பளிப்புழு.

வருஷத்துல முக்கால்வாசி நாளு மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா கிடக்கும். முதல் மழை நல்லா இறங்கினா அடுத்த சில நாள்ல அந்துப்பூச்சியா வெளிய வந்துரும். வெள்ளை றெக்கை, முன் ஓரத்துல மஞ்சளா ஒரு கோடு. இருட்டினதும் வரப்பு மேல செத்தை போட்டுக் கொளுத்துவோம், வந்து வந்து விழும். விளக்கோ நெருப்போ, ஏழு மணியில இருந்து பதினோரு மணிக்குள்ள வெச்சாதான் பிரயோஜனம். அன்னைக்குச் சோம்பேறித்தனம் பண்ணினா தீர்ந்துச்சு. குஞ்சுப் புழு ஒரே இலையில கும்பலா உக்காந்து பச்சையைச் சுரண்டும், இலை சல்லடையா வெளுத்துப் போவும். அந்த இலையைக் கிள்ளி எடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. மயிர் முளைச்சுப் பெருத்துட்டா கொல்லை விட்டுக் கொல்லை படையா நடக்கும். ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி மறிக்கணும்.

எங்க நைனா மழை பெஞ்ச நாளையும் அந்து பறந்த நாளையும் காலண்டர்ல குறிச்சு வெப்பாரு. நீங்க கேக்குற தேதி, ஊரு எல்லாம் அதுல இருந்துச்சு.

காட்பாடி உறுப்பினர்:
ஐயா, அந்தக் காலண்டருங்க இருக்கா?

குடியாத்தம் பக்கம், விவசாயி:
பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுப்பா.

ஆம்பூர் உறுப்பினர்:
பொன்வண்டை யாரும் சொல்லலையே? மழைக்காலத்துல வேலமரத்துல பிடிச்சு, தீப்பெட்டியில இலை போட்டு வெச்சுப்போம். பச்சையா மின்னும். இதோட றெக்கையை மூடியிருக்கிற கெட்டி ஓடுகளைத் துணியில வெச்சுத் தைச்சு அந்தக் காலத்துல மெட்ராஸ்ல இருந்து சீமைக்கு அனுப்புனாங்களாம். இப்ப என் பசங்களுக்குக் காட்ட ஒண்ணு கூடக் கிடைக்கலை.

அமிர்தி பக்கம், தேன் பெட்டி வெச்சிருக்கிறவங்க:
அண்ணா, போன பங்குனியில நடந்தது. ராத்திரி பெட்டிக்குள்ள இரைச்சல் ஜாஸ்தியா இருந்துச்சு. டார்ச் அடிச்சு மூடியைத் தூக்கினா, அடை மேல என் கட்டைவிரலை விடத் தடியா ஒரு அந்து. உடம்புல மஞ்சளும் கருப்பும் பட்டை பட்டையா, முதுகுல அச்சு அசலா மண்டையோடு! துணியால பிடிச்சேன், சுண்டெலி மாதிரி கீச் கீச்சுனு கத்துது. பூச்சி கத்துமா? எங்க அத்தை "வீட்டுக்கு ஆகாது, கொண்டுபோய் விடு"ன்னு ஒரே சண்டை.

காட்பாடி உறுப்பினர்:
மண்டையோட்டு அந்துப்பூச்சி, தங்கச்சி. அது கத்துறது தொண்டை வழியா காத்தை இழுத்து விடுறதால. மத்த பல அந்துக்கு இருக்கிற மாதிரி நீளமான உறிஞ்சுகுழல் இதுக்குக் கிடையாது. குட்டையா, தடியா, கூரா இருக்கும். அடையோட மெழுகு மூடியைக் குத்தித் தேனைக் குடிக்கத் தோதானது. உடம்புலயும் தேனீ வாசனையே வரும், அதனால பல நேரம் தேனீக்கள் கண்டுக்காது. பக்கத்துல எள்ளு போட்டிருக்காங்களான்னு பாருங்க, புழு அதுல இருக்கலாம். வால் பக்கம் கொம்பு வெச்ச பெரிய புழு.

அத்தைகிட்ட சொல்லுங்க, வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது, போறது தேன்தான். பெட்டி வாசலைத் தேனீ நுழையுற உயரத்துக்குச் சட்டம் வெச்சுக் குறைச்சிடுங்க. புழு கிடைச்சா எள்ளு இலையோட ஒரு டப்பாவுல போட்டு அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. மூடியில ஓட்டை போட மறக்காதீங்க.