சமநிலை வந்ததா இல்லையா: பார்த்தவர்கள் சொல்லும் நுணுக்கங்கள்

பதிவு 1
வெப்பமானியின் பூஜ்ஜியத்தை, அதாவது ஐஸும் நீரும் சமநிலையில் இருக்கும் 0 டிகிரியை, சரிபார்க்க டம்ளர் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிட்டால் போதாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அது அடியில் போய்த் தங்கிவிடும். வெப்பமானியின் அடிக்குமிழும் அங்கேதான் இருக்கும், அளவு 2, 3 என்று காட்டும். நல்ல கருவியைக் குப்பையில் போடுவது இப்படித்தான்.

காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தெர்மாஸ் பிளாஸ்கில் விளிம்புவரை நிரப்புங்கள். இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர். குமிழ் ஐஸுக்கு நடுவில், அடியைத் தொடாமல். கிளறிவிட்டு 10 நிமிடம் பொறுத்துப் படியுங்கள். ஐஸ் மேலே எழும்பி அடியில் வெறும் நீர் தேங்கினால், அதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஐஸ் சேர்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் அளவு 0-க்குக் கீழே போகும்.

பதிவு 2
காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரப்பதமானிக்கும் இதே கதைதான், அங்கே ஐஸும் நீரும் போல இங்கே கரையாத உப்பும் கரைசலும், இரண்டு நிலைகளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அதில் சொட்டுச் சொட்டாக நீர், ஈர மணல் பதம் வரும்வரை. காற்றுப் புகாத ஜாடியில் கருவியோடு வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். 25 டிகிரியில் 75 சதவீதம் காட்ட வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் கரைசல் தெவிட்டியதல்ல (இனி உப்புக் கரையாது என்ற நிலையில் இல்லை), அளவு ஏறும். 20-லிருந்து 30 டிகிரிவரை இந்த எண் அரை சதவீதம்கூட மாறாது. உப்பைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். சரிபார்க்க இன்னொரு புள்ளி வேண்டுமென்றால் இதே முறையில் மெக்னீசியம் குளோரைடு, சுமார் 33 சதவீதம் காட்டும்.

பதிவு 3
சமநிலை வந்தபின், "எதுவும் மாறவில்லையே, எல்லாம் நின்றுவிட்டதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அதற்கு மயில்துத்தம்தான் (காப்பர் சல்பேட்) சரியான பதில். முனை உடைந்த படிகத்தை எடை போட்டு, அதே உப்பின் தெவிட்டிய கரைசலில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நாளடைவில் உடைந்த முனை தானாக நிரம்பும், எடை மட்டும் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் கரைகிறது, அதே வேகத்தில் இன்னொரு பக்கம் படிகிறது.

கரைசல் இருக்கும் ஜாடியின் மூடியை இறுக்கி மூடாவிட்டால் நீர் ஆவியாகிப் படிகத்தின் எடை கூடும். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் பகலில் படிகம் கரையும், இரவில் அடியில் புதிய பொடிப் படிகங்கள் விழும். ஜாடியை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கி வைத்தால் வெப்பநிலை சட்டென ஏறி இறங்காது.