இன்னொரு பெக் ஏன் தரவில்லை?

ராமு மாமா: பத்திரமாக வந்து இறங்கிவிட்டோம். ஒரு விஷயம்தான் மனதை அரிக்கிறது. விமானத்தில் ரெண்டு விஸ்கி கொடுத்த பணிப்பெண், இன்னொன்று கேட்டதும் "கொஞ்ச நேரம் போகட்டும் சார்" என்று தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பக்கத்து சீட்காரருக்கு மட்டும் ஊற்றினாள். நான் குரல்கூட உயர்த்தவில்லை.

கார்த்திக்: டிக்கெட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறார்கள்? புகார் கொடுங்கள் மாமா. நானே எழுதித் தருகிறேன்.

நித்யா: கார்த்தி, பொறு. அதே வேலை பார்க்கிறவளாகச் சொல்கிறேன். காசு கொடுத்ததால் மது உரிமையாகிவிடாது. அமெரிக்க விதிப்படி, போதையில் இருப்பதாகத் தெரிகிறவருக்கு ஊற்றினால் தவறு விமான நிறுவனத்துடையது. அப்படிப்பட்டவரை ஏற்றவே கூடாது.

ராமு மாமா: நான் போதையில் இல்லையே அம்மா.

நித்யா: தெரியும் மாமா. ஆனால் நாங்கள் தள்ளாடும்வரை காத்திருப்பதில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மனதுக்குள் குறித்துக்கொள்வோம். முகம் சிவப்பது, அடுத்தடுத்துக் கேட்பது எல்லாம் மஞ்சள். அப்போதே தண்ணீர், சாப்பாடு என்று வேகத்தைக் குறைப்போம். சிவப்பானபின் நிறுத்தினால் சண்டைதான் வரும். நடுவானில் யாரையும் வெளியே அனுப்ப முடியாதே.

கார்த்திக்: அப்போ டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலைத் திறந்தால்?

நித்யா: கூடவே கூடாது. பணியாளர் ஊற்றியதை மட்டும்தான் குடிக்கலாம்.

சுதா அத்தை: நித்யா, இவர் ஏறியதுமே தூக்க மாத்திரை போட்டிருந்தார். அந்தப் பெண் மாத்திரை அட்டையைப் பார்த்திருப்பாளோ என்னவோ.

நித்யா: ஐயோ அத்தை, இதை முதலில் சொல்லக்கூடாதா! நான் பார்த்திருந்தால் ரெண்டாவதையே கொடுத்திருக்க மாட்டேன். கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி. 2024இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு செய்தார்கள். மது குடித்துவிட்டு அந்த அழுத்தத்தில் தூங்கிய இளைஞர்களுக்கே ரத்த ஆக்சிஜன் சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கியது. தரைமட்ட அழுத்தத்தில் குடித்துத் தூங்கியவர்களுக்கு 95. மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு இன்னும் மந்தமாகும்.

பெரியம்மா: ராமு, உனக்கு பிபி வேறு இருக்கிறதே.

ராமு மாமா: சரி அக்கா. ஆனால் அதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே? எல்லார் முன்னாலும் அப்படிப் போனதுதான் உறுத்துகிறது.

நித்யா: அது நியாயம் மாமா. குனிந்து, காதோடு காதாகக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் சில நேரம் தப்பாகக் கணித்துவிடுகிறோம். சர்க்கரை இறங்கியவருக்கும் நடுக்குவாதம் உள்ளவருக்கும் போதைக்காரர் மாதிரி நாக்குக் குழறும், நடை தடுமாறும். அப்படி ஆனால் மூத்த பணியாளரை அழைத்து நிதானமாகக் கேட்கலாம். அங்கேயே வாக்குவாதம் மட்டும் வேண்டாம். அவசரத்தில் விமானத்தைக் காலி செய்ய 90 வினாடிதான் கணக்கு. தெளிவில்லாத ஒருவர் நடைபாதையை மறித்தால் பின்னால் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

கார்த்திக்: அப்போ புகார் வேண்டாமா?

நித்யா: எழுது. தரவில்லை என்று எழுதாதே, காரணம் சொல்லாமல் போனார் என்று எழுது. சீட் எண், நேரம் போடு. அந்தப் பெண்ணின் வேலைக்குக் கேடு வராதபடி பார்த்து எழுது.

ராமு மாமா: சீட் எண் போர்டிங் பாஸில் இருக்கிறது, போட்டோ அனுப்புகிறேன். எழுதியதை முதலில் நித்யாவிடம் காட்டிவிடு கார்த்தி.